செயற்கைச் சிறுநீரகமும் நடைப் பயிற்சியும்

சிறுநீரகங்கள் செயலற்றுப் போனவர்களின் இரத்தத்தை இயந்திரத்தின் வாயிலாகச் சுத்தம் செய்யும் முறையை 1943ஆம் ஆண்டில் ஹாலந்து நாட்டு மருத்துவர் வில்லெம் கோல்ஃப் கையாண்டார். டயாலிசிஸ் எனப்படும் இச்சிகிச்சை, 2016இல் அறிவிக்கப்பெற்ற தேசிய டயாலிசிஸ் திட்டத்தின் பயனாக நம் நாட்டின் மாவட்ட மருத்துவமனைகளிலும் பரவியுள்ளது. வாரத்தில் இரண்டு மூன்று நாட்கள், நாளொன்றுக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரம் இயந்திரத்தருகே கழிப்போரைக் களப் பணியாளர்களும் ஆசிரியர்களும் தத்தம் வட்டாரத்திலேயே காண நேரிடும்.

கொழுப்பைக் குறைத்து, நடந்து பழகுமாறு பிறருக்குக் கூறும் யோசனையை இவர்களுக்கு அவ்வாறே கூறுதல் பொருந்தாது. இவர்களுள் மிகப் பலர் இருதய நோயால் இறக்கின்றனர். ஆதலால் கொலஸ்ட்ராலைக் குறைத்தால் உயிர் காக்கலாம் என்று எதிர்பார்த்தது இயல்பே. ஜெர்மனியில் நீரிழிவும் உடைய 1,255 டயாலிசிஸ் நோயாளிகளிடம் நடத்தப்பெற்று 2005இல் வெளியான ஆராய்ச்சியிலும், பல நாடுகளைச் சேர்ந்த 2,776 பேரைக் கொண்டு 2009இல் வெளியான ஆராய்ச்சியிலும் ஸ்டாட்டின் மருந்துகள் கொலஸ்ட்ராலை நன்கு குறைத்தன. எனினும் மாரடைப்பு, பக்கவாதம், இருதய நோய் மரணம் ஆகியவை மொத்தத்தில் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. இருதயத் துடிப்பு ஒழுங்கு கெடுதல், இரத்தக் குழாய்ச் சுவர்களில் சுண்ணாம்புச் சத்துப் படிதல், உடலில் நீர் தேங்குதல் ஆகியவையே இவர்களைப் பெரிதும் வருத்துகின்றன. அவற்றை இம்மருந்து போக்குவதில்லை. ஏற்கெனவே அதனை உண்டு வருவோர் தொடரலாம் என்பதே 2013இன் சர்வதேச நெறிமுறை. நிறுத்தச் சொல்வது நம் வேலையன்று.

மேலும், இவர்களிடம் கொலஸ்ட்ரால் மிகத் தாழ்ந்திருப்பது பல சமயங்களில் ஊட்டக் குறைவின் அறிகுறியாகும். சுத்திகரிப்பின்போது புரதத்தின் கூறுகளும் ஓரளவு வெளியேறிவிடுகின்றன. பத்தியம் என்று முட்டையையும் மீனையும் ஒதுக்கி மெலிவது கேடே.

நடையின் பயன் வேறு. இத்தாலியில் 296 நோயாளிகளைக் கொண்டு நடத்தப்பெற்று 2017இல் வெளியான ஆராய்ச்சியில், ஒரு சாரார் ஆறு மாதம் வீட்டிலேயே எளிய நடைப் பயிற்சி மேற்கொண்டனர். ஆறு நிமிடத்தில் அவர்கள் நடக்கவல்ல தூரம் சராசரி 328 மீட்டரிலிருந்து 367 மீட்டராக உயர்ந்தது. மற்றவர்களிடம் மாறுதல் இல்லை. நாற்பது மீட்டர் அற்பமெனத் தோன்றலாம். பேருந்து நிற்குமிடம்வரை இடையில் உட்காராமல் செல்ல விரும்பும் ஒருவருக்கு அஃது அற்பமன்று.

மருத்துவரின் இசைவு பெற்று, டயாலிசிஸ் இல்லாத நாட்களில் சிறிது சிறிதாகத் தொடங்கலாம். மார்பு வலியோ மூச்சுத் திணறலோ தோன்றினால் உடனே நிறுத்த வேண்டும். ஊசி செலுத்தும் கையால் பளு தூக்கலாகாது. களைத்து வந்தவருக்கு இளநீர் கொடுப்பது நம் நாட்டு வழக்கம். ஆனால் அதில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகத்தால் வெளியேற்றப்படாமல் அது இரத்தத்தில் பெருகினால் இருதயமே நின்றுவிடக்கூடும். தாகத்திற்கு மருத்துவர் வகுத்த அளவில் வெறும் தண்ணீரே தருக.