கோடை முடிவில் கேட்கும் வெடிச்சத்தம்

நோர்வேயில் கோடை முடிகையில் சூட்டுத்திடல்களிலிருந்து வரும் வெடிச்சத்தம் எங்கள் வீட்டுப் பெரியவர்களை இன்னமும் திடுக்கிட வைக்கிறது. அது மான் வேட்டைக்கான ஆயத்தம். செம்மான் பருவம் செப்டெம்பர் 1 இல் தொடங்கும். அதற்குமுன் வேட்டைக்காரர் ஆண்டுதோறும் 100 மீற்றரில் ஐந்து வேட்டுகளையும் 30 சென்ரிமீற்றர் வட்டத்துக்குள் பதித்துக்காட்ட வேண்டும்.

சிலர் ரவையைத் தாங்களே செய்கிறார்கள். சுட்ட கோதில் அளந்த மருந்திட்டுச் சன்னம் பொருத்துவார்கள். மருந்து சற்று மாறினாலும் சன்னம் வேறிடத்தில் விழும். கூடினால் துவக்கே வெடிக்கலாம். ஆகவே குறைந்த அளவில் தொடங்கி, ஒவ்வோர் அளவிலும் சில வேட்டுகள் சுட்டு, துளைகள் நெருங்கி விழும் அளவைத் தேர்கிறார்கள். காயப்பட்ட மான் காட்டில் கிடந்து துடிக்கக்கூடாதல்லவா!

இடையிடையே குழலை ஆறவிடுவதால்தான் சத்தம் விட்டுவிட்டுக் கேட்கிறது. அருகிலுள்ள திடலின் நேரங்களைக் கேட்டறிந்து அம்மம்மாவுக்கு முன்கூட்டியே சொல்லிவைக்கலாம்.