ஆணியில் சுற்றிய கம்பி பரிசு வாங்குமா? ஆசிரியர் கேட்கும் கேள்வியில்தான் இருக்கு சூட்சுமம்!

அரவேணு,

பள்ளி அறிவியல் கண்காட்சி என்றாலே மின்காந்தம் இல்லாமல் இருக்காது. இரும்பு ஆணி, செம்புக் கம்பி, ஒரு பேட்டரி. ஸ்விட்சைப் போட்டால் குண்டூசி ஒட்டும், அணைத்தால் விழும். ஆனால் "இதுல நீ என்னப்பா கண்டுபிடிச்ச?" என்று நடுவர் கேட்டால் பல பிள்ளைகள் திருதிருவென விழிப்பார்கள்.

இதைச் சரிசெய்ய காசு செலவு இல்லை. ஆசிரியர் சொல்லும் திருத்தமே போதும்.

எத்தனை குண்டூசி?

"குண்டூசி ஒட்டுது சார்" என்றால் போதாது. எத்தனை ஒட்டுது என்று எண்ண வேண்டும். 20 சுற்று, 40 சுற்று, 60 சுற்று என மாற்றி, ஒவ்வொன்றையும் 3 தடவை செய்து சராசரி எழுத வேண்டும்.

இங்கேதான் பலர் சறுக்குவது. சுற்று கூடும்போது கம்பியும் நீண்டால் கரண்ட் குறையும். அதனால் மூன்றுக்கும் ஒரே நீளக் கம்பி வேண்டும். மிச்சத்தை வெட்டாமல் நீட்டி விட்டால் போதும். பேட்டரியும் போகப்போக வலு இழக்கும். எனவே 60-ல் இருந்து 20-க்குத் திரும்பியும் செய்து பார்க்கணும்.

கம்பி முனையில் எனாமலைச் சுரண்டாவிட்டால் கரண்டே பாயாது. ஸ்விட்சை அழுத்திக்கொண்டே இருந்தால் கம்பி சுடும். வீட்டு பிளக்கில் சொருகவே கூடாது, உயிருக்கே ஆபத்து.

செருப்புத் தொழிலாளி தொடங்கியது

மின்காந்தமே இப்படித் திருத்தித் திருத்தி வளர்ந்ததுதான். 1824-ல் இதைச் செய்த இங்கிலாந்தின் வில்லியம் ஸ்டர்ஜன், சிறுவயதில் செருப்புத் தைக்கப் பழகியவர். சுமார் 200 கிராம் இரும்பால் 4 கிலோவைத் தூக்கிக் காட்டினார். அவர் சுற்றியது வெறும் கம்பி. ஒன்றையொன்று தொடாதபடி இடைவெளி விட வேண்டியிருந்தது.

அமெரிக்காவில் ஆசிரியராக இருந்த ஜோசப் ஹென்றி, கம்பிக்குப் பட்டு நூல் உறை போட்டு நெருக்கமாக, அடுக்கடுக்காகச் சுற்றினார். 1831-ல் அவரது காந்தம் 900 கிலோவுக்கு மேல் தூக்கியது!

நம்ம ஊர் தேயிலை

கோத்தகிரி வட்டாரப் பிள்ளைகளுக்கு இதில் சொந்த விஷயமும் உண்டு. தேயிலை பேக்டரியில் இலையை நசுக்கும் உருளைகள் தேயும்போது இரும்புத் துகள் தூளில் கலக்கும். காந்தம் வைத்துதான் அதைப் பிரிக்கிறார்கள். ஒரு கிலோ தேயிலையில் 250 மில்லி கிராம் வரைதான் இரும்புத் துகள் இருக்கலாம் என்பது அரசு விதி.

தேயிலைத் தூளில் எடை போட்டு இரும்புத் துகளைக் கலந்து, மின்காந்தம் எவ்வளவைப் பிடிக்கிறது என்று அளந்தால் அதுவே புது புராஜெக்ட். ஸ்விட்சை அணைத்ததும் துகள் தனியாக விழுந்துவிடும் என்பது கூடுதல் வசதி.

மத்திய அரசின் இன்ஸ்பயர் மானக் திட்டத்தில் யோசனை தேர்வானால் மாணவருக்கு 10 ஆயிரம் ரூபாய் கிடைக்கும். விண்ணப்பம் பள்ளி மூலம்தான்.

கடையில் வாங்கிய மாடல் கண்காட்சி முடிந்ததும் பரணுக்குப் போய்விடும். தப்பைத் திருத்தித் தானே செய்த பிள்ளையோ, நடுவர் எதைக் கேட்டாலும் டக்கென்று பதில் சொல்லும்.