கருங்கரடி தன் குளிர்கால வளையைத் தெரிவு செய்யும் விதம்

வன்னிக் காட்டுக்குத் தேனெடுக்கவும் விறகு தறிக்கவும் போய்வந்தவர்களுக்குக் கரடியைப் பற்றி நாம் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. பாலைப்பழக் காலத்தில் அது மரத்தில் ஏறுவதையும், கறையான் புற்றைக் கிண்டிப் போட்டிருப்பதையும் கண்டிருப்பீர்கள். எங்கள் கரடி ஆண்டு முழுவதும் நடமாடும். மாரியோ கோடையோ, அதற்கு ஏதோ ஓர் இரை கிடைத்துவிடும். வட அமெரிக்காவின் வடபகுதிக் காடுகளில் வாழும் கருங்கரடியின் நிலை வேறு. அங்கே ஆண்டின் பாதிக்காலத்துக்கு அதற்கு உண்ண ஒன்றுமில்லை. அந்தக் காலத்தை அது ஒரு வளைக்குள்ளோ மரப்பொந்துக்குள்ளோ படுத்தே கழிக்கிறது. அந்த இடத்தை அது எவ்வாறு தெரிவு செய்கிறது என்பதை இங்கே பார்ப்போம்.

குளிருக்குப் பயந்துதான் கரடி ஒளிந்துகொள்கிறது என்று பலர் நினைப்பதுண்டு. அடர்ந்த உரோமமும் அதன் கீழ் கொழுப்பும் உள்ள மிருகத்துக்குக் குளிர் அவ்வளவு பெரிய சங்கடமல்ல. அதை உள்ளே அனுப்புவது பஞ்சம். ஐக்கிய அமெரிக்காவின் மினெசோட்டா மாநிலத்தில் காட்டுப் பழங்களும் கொட்டைகளும் முடிந்துவிடும் செப்டெம்பர், ஒக்டோபர் மாதங்களிலேயே கரடிகள் படுக்கத் தொடங்குகின்றன. அப்போது கடுங்குளிர் இன்னும் வந்திருக்காது. ஊர்க் குப்பையில் உணவு கிடைக்கும் இடங்களில் அவை பிந்தியே படுக்கின்றன. தெற்கே, வெப்பமான பகுதிகளில், சில ஆண் கரடிகள் சரியாகப் படுப்பதே இல்லை.

படுத்த கரடி உண்பதில்லை, குடிப்பதில்லை, மலசலம் கழிப்பதுமில்லை. உடலில் சேரும் கழிவையே மீண்டும் புரதமாக மாற்றிக்கொள்கிறது. அலாஸ்கா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சில கருங்கரடிகளைச் செயற்கை வளைகளில் படுக்கவிட்டு அவதானித்து, 2011ஆம் ஆண்டில் முடிவுகளை வெளியிட்டனர். நிமிடத்துக்கு 55 தடவை அளவில் துடித்த இதயம் 14 அளவுக்கு இறங்கியது. உடலின் எரிசக்திச் செலவு காற்பங்காகக் குறைந்தது. ஆனால் உடல் வெப்பம் 30 பாகை செல்சியசுக்குக் கீழே போகவில்லை. ஆகவே கரடி செத்ததுபோல் கிடப்பதில்லை, தட்டினால் எழும்பும். இதனை மனதில் வைத்துக்கொண்டால் மற்றவை இலகுவில் விளங்கும்.

முதலில் வளைக்குள் போவது கர்ப்பிணிக் கரடி. கடைசியில் வெளியே வருவதும் அதுதான். கோடையின் தொடக்கத்தில் அது ஆணுடன் சேர்ந்தாலும், கரு உடனே வளர்வதில்லை. நவம்பர் அளவில்தான் கருப்பையில் ஒட்டுகிறது. தாயின் உடம்பில் போதிய கொழுப்பு இல்லாவிட்டால் குட்டியும் இல்லை. ஜனவரி மாதமளவில், வெளியே எல்லாம் உறைந்து கிடக்கும்போது, இரண்டு அல்லது மூன்று குட்டிகள் பிறக்கும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 300 கிராம். கண் திறந்திராது, உடம்பில் உரோமமும் சொற்பம். தாய்க்குக் குளிர் பெரிதல்ல என்றோம். இந்தக் குட்டிகளுக்கு அதுவே உயிர்ப் பிரச்சினை. ஆகவே பெண் கரடி இடம் தேடும்போது குட்டிகளுக்கும் சேர்த்தே தேடுகிறது என்று கொள்ளலாம்.

நல்ல வளை சிறியதாக இருக்கும். தாய் உடலை நெருக்கி நுழையக்கூடிய வாசல், சுருண்டு படுக்க மட்டும் போதிய அறை. இடம் பெரிதானால் உடல் வெப்பம் வீணாகும். வாசல் பெரிதானால் ஓநாயோ பெரிய ஆண் கரடியோ நுழையலாம். மினெசோட்டாவில் 1981ஆம் ஆண்டு தொடக்கம் கரடிகளுக்கு ரேடியோ கழுத்துப்பட்டி பூட்டி ஆராய்ந்து வருகிறார்கள். பட்டியை மாற்றப் போகும் ஆய்வாளர் தலையை முதலில் நுழைத்து, வயிற்றால் ஊர்ந்துதான் உள்ளே போகவேண்டும். உள்ளே தாய் இருக்கிறது என்பதை மறந்துவிடாதீர்கள்!

மாரிக்கு முன் அவசரமாகக் கொட்டில் போட்டவர்களுக்குத் தெரியும், வெள்ளம் எந்தப் பக்கத்தால் வரும் என்று பார்க்காமல் போட்டால் என்ன நடக்குமென்று. கரடிக்கும் ஈரம்தான் பெரிய எதிரி. நனைந்த உரோமம் சூட்டைத் தாங்காது. காற்றில் சாய்ந்த மரத்தின் வேருக்கடி, பாறை இடுக்கு, சரிவில் தோண்டிய குழி என்று பலவிதமான இடங்களை அது பயன்படுத்துகிறது. தோண்டும்போது மரவேர்களுக்குக் கீழே தோண்டினால், வேர்கள் கூரையாக நின்று மண்ணைத் தாங்கும். பின்னர் சருகு, புல், சிறு கொப்புகளை வாரி உள்ளே இழுத்து மெத்தை போடும். மேலே பனி விழுந்து மூடினால் அதுவே போர்வை. எல்லாக் கரடிகளும் இத்தனை பாடுபடுவதில்லை. ஆண் கரடி சிலவேளை வெறும் நிலத்தில் சருகைக் கூட்டிப் படுத்துவிடும்.

டெனசி, வட கரோலினா மாநிலங்களின் எல்லையில் உள்ள ஸ்மோக்கி மலைகளில் வேறொரு வழக்கம் உண்டு. அங்கே பெண் கரடிகள் பழைய பெருமரங்களில், புயலில் கொப்பு முறிந்து உக்கிய பொந்துகளில், முப்பது நாற்பது அடி உயரத்திலும் படுக்கின்றன. மழை ஒழுக்கு இல்லை, நாய்த் தொல்லை இல்லை. மரம் தறிப்பவனுக்குக் கோறை விழுந்த மரம் காசுக்கு உதவாதது. கரடிக்கு அதைவிட நல்ல வீடு இல்லை. அப்படியொரு பொந்து உருவாக நூறு ஆண்டுக்கு மேலும் செல்லலாம்.

லூசியானா மாநிலத்தின் ஆற்றுச் சமவெளியில் நடந்தது இதற்கு உதாரணம். பருத்திக்கும் சோயாவுக்குமாக அங்கே காட்டின் பெரும்பகுதியை வெட்டினார்கள். பழைய சைப்பிரசு மரங்கள் அருகின. மரமில்லாத கரடி நிலத்தில் படுத்தது. அது வெள்ளம் ஏறும் நிலம். மேலே ஏற முடியாத சிறு குட்டிகள் நீரில் மூழ்கிப் போகும் ஆபத்து இருந்தது. 1992ஆம் ஆண்டில் அந்தக் கரடியினம் அருகிவரும் இனமாகப் பட்டியலில் சேர்க்கப்பட்டபோது, நீர்நிலைகளை அண்டி நின்ற, 36 அங்குல விட்டத்துக்குக் குறையாத, பொந்துள்ள சைப்பிரசு போன்ற மரங்களைத் தறிப்பதும் தடுக்கப்பட்டது. கரடி இருக்கும் மரம் மட்டுமல்ல, இனி இருக்கக்கூடிய மரமும் காக்கப்படவேண்டும் என்பதே அந்த விதியாக இருந்தது. நல்ல விதி என்றுதான் சொல்லவேண்டும்.

பின்னர் 2001 முதல் 2009 வரை, அம்மாநிலத்தின் வேறொரு காட்டில் கரடிகளை மீண்டும் குடியேற்றினார்கள். கோடையில் பிடித்துக் கொண்டுபோய் விட்ட கரடி, எவ்வளவு தூரமானாலும் பழைய இடத்துக்குத் திரும்பி நடக்கப் பார்க்கும். ஆகவே குளிர்காலத்தில், குட்டி ஈன்ற தாய்களைக் குட்டிகளோடு எடுத்துச் சென்று, புதிய காட்டில் அமைத்த செயற்கை வளைகளில் வைத்தார்கள். நடக்கமாட்டாத குட்டிகளை வைத்துக்கொண்டு தாய் ஊர் தேடிப் போவது கடினம். இப்படி 48 தாய்களும் 104 குட்டிகளும் கொண்டுசெல்லப்பட்டன.

குட்டிகள் அடுத்த குளிர்காலத்தையும் தாயோடு ஒரே வளையில் கழித்து, அதற்கடுத்த கோடையில் பிரியும். ஆண் குட்டி தூரம் போய்விடும். பெண் குட்டியோ வளர்ந்தபின் தாயின் எல்லையை ஒட்டியே தன் வளையைத் தேடிக்கொள்ளும். புதிய காட்டிலும் அப்படியே பெருகின.