ஏலச் சீட்டும் பணத்தின் விலையும்

சேமிப்பும் கடனும் ஒரே ஏற்பாட்டில் நடப்பதுதான் ஏலச் சீட்டு. 20 பேர் மாதம் ₹5,000 வீதம் கட்டினால் மாதாமாதம் ₹1 லட்சம் சேரும். அதை மாதம் ஒருவர் எடுப்பார். 20 மாதத்தில் எல்லோரும் எடுத்து முடிப்பார்கள். யார் எப்போது எடுப்பது என்பதைத் தீர்மானிக்கத்தான் ஏலம். வட்டி, வாய்ப்புச் செலவு, கடன் இடர் என்று பொருளாதாரப் பாடநூல் தனித்தனி அத்தியாயங்களில் சொல்பவை எல்லாம் இந்த ஏலத்தில் ஒன்றாக வந்து நிற்கின்றன.

பெரும்பாலும் முதல் மாதம் கம்பெனிச் சீட்டு. நடத்துபவரே முழுத் தொகையையும் எடுத்துக்கொள்வார். இரண்டாம் மாதத்திலிருந்து ஏலம். பணம் உடனே வேண்டியவர்கள் எவ்வளவு தள்ளி எடுக்கத் தயார் என்று போட்டி போடுவார்கள். ஒருவர் ₹30,000 தள்ளிக் கேட்கிறார், அதற்கு மேல் யாரும் கேட்கவில்லை என்றால் சீட்டு அவருக்கு. அவர் கைக்கு வருவது ₹70,000. தள்ளிய ₹30,000-இல் நடத்துபவரின் கமிஷன் 5 சதவீதம், அதாவது ₹5,000 போகும். மீதி ₹25,000 இருபது பேருக்கும் கழிவாகப் பிரியும், தலைக்கு ₹1,250. அந்த மாதம் ஒவ்வொருவரும் ₹3,750 கட்டினால் போதும். சில சீட்டுகளில் எடுத்தவருக்குக் கழிவு கிடையாது. சேரும் முன்பே கேட்டுக்கொள்ள வேண்டிய விஷயம் இது.

இந்தக் கணக்கில் வட்டி என்ற சொல்லே வரவில்லை. ஆனால் தள்ளிய தொகைதான் வட்டி. தள்ளு மாதந்தோறும் ஒரே சீராகக் குறைந்து, கடைசி மாதம் கமிஷன் மட்டுமே கழிகிறது என்று வைத்துக்கொள்ளலாம். ஒவ்வொருவரும் 20 மாதத்தில் கட்டும் மொத்தத் தொகை ₹88,125. கடைசியில் எடுப்பவருக்கு ₹95,000 கிடைக்கும். லாபம் ₹6,875, மேலோட்டமாகப் பார்த்தால் 8 சதவீதம்கூட இல்லை. ஆனால் பணம் முழுவதும் 20 மாதமும் முடங்கிக் கிடக்கவில்லை. முதல் தவணை 19 மாதம் இருந்தது, கடைசித் தவணை ஒரு நாள்கூட இல்லை. சராசரி 9 மாதம்தான். அதைக் கணக்கில் எடுத்தால் ஆண்டுக்குச் சுமார் 10 சதவீதம் கிடைத்திருக்கிறது.

இரண்டாம் மாதமே எடுத்தவரும் அதே ₹88,125-ஐத்தான் கட்டுகிறார். வாங்கியது ₹70,000. வாங்கியதை அடுத்த மாதத்திலிருந்தே திருப்பிக் கட்டத் தொடங்குவதால் அவருக்கு விழும் வட்டி மாதம் 2.75 சதவீதத்தை ஒட்டி வரும், ஆண்டுக்குச் சுமார் 33 சதவீதம். நகையை வங்கியில் வைத்து வாங்கும் கடனைவிட இது பல மடங்கு அதிகம். அடகு வைக்க நகையோ காட்டச் சம்பளச் சான்றோ இல்லாத சிறு வியாபாரி இதை வங்கி வட்டியோடு ஒப்பிடுவதில்லை. அவர் முன்னால் இருக்கும் இன்னொரு வழி, தனியாரிடம் வாங்கும் கடனுக்கு மீட்டர் போல ஏறிக்கொண்டே போகும் மீட்டர் வட்டி. அதோடு ஒப்பிட்டுத்தான் ஏலம் கேட்கிறார். தீபாவளிச் சரக்கை ₹70,000-க்கு எடுத்துப் போட்டு, தள்ளிய ₹30,000-ஐவிடக் கூடுதலாகச் சம்பாதிக்க முடிந்தால் அவர் செய்தது சரியான முடிவே. கல்யாணச் செலவுக்கு எடுத்தவருக்கு அப்படித் திரும்பி வரும் வருமானம் எதுவும் இல்லை.

பணத்தின் விலை இங்கே தேவையைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. ஜூனில் பள்ளிக் கட்டணம், ஐப்பசியில் பண்டிகை என்று பலருக்கும் ஒரே நேரத்தில் பணம் தேவைப்பட்டால் தள்ளு கூடும். எடுக்க ஆளில்லாத மாதத்தில் குறையும். தள்ளு கூடினால் காத்திருப்பவருக்கு லாபம். கடைசி வரை பொறுத்திருப்பவரின் வருமானத்தை மற்றவர்களின் அவசரமே நிர்ணயிக்கிறது. நிரந்தர வைப்பைப் போல இத்தனை சதவீதம் என்று சீட்டில் யாரும் உறுதி சொல்ல முடியாததற்குக் காரணம் இதுதான். அப்படிச் சொல்பவர் நடத்துவது சீட்டாக இருக்காது. 2013-இல் மேற்கு வங்கத்தில் சரிந்த சாரதா குழுமத்தைச் சீட்டு நிறுவனம் என்று பத்திரிகைகள் எழுதினாலும், அங்கே நடந்தது ஏலச் சீட்டு அல்ல. முதலீட்டுத் திட்டம் என்ற பெயரில் பணம் திரட்டியதுதான்.

சீட்டின் பெரிய இடர், எடுத்தவர் கட்டாமல் போவது. அதனால்தான் எடுப்பவரிடம் ஜாமீன் கேட்கிறார்கள். இன்னொன்று, நடத்துபவரே காணாமல் போவது. மத்திய அரசின் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி முன் அனுமதி பெற்று, ஒப்பந்தத்தைப் பதிவு செய்து, சீட்டுத் தொகைக்கு ஈடான பிணையும் கட்டிய பிறகே சீட்டைத் தொடங்க முடியும். தகராறு வந்தால் சீட்டுப் பதிவாளரிடம் முறையிடலாம். 2019-இல் வந்த திருத்தம் கமிஷன் உச்சவரம்பை 5 சதவீதத்திலிருந்து 7 ஆக உயர்த்தியது. தனிநபர் நடத்தக்கூடிய சீட்டுகளின் மொத்த மதிப்பையும் ₹1 லட்சத்திலிருந்து ₹3 லட்சமாக்கியது. தெருவில் தெரிந்தவர் பிடிக்கும் பதிவில்லாத சீட்டுக்கு இந்தப் பாதுகாப்புகளில் எதுவும் பொருந்தாது. பதிவான சீட்டுக்கும்கூட, வங்கி வைப்புக்கு ₹5 லட்சம் வரை இருக்கும் காப்பீடு போன்ற ஒன்று கிடையாது.