மகிழுந்து முகப்புச் சிற்பம்

மகிழுந்தின் பானெட் முனையில் நிற்கும் சிறு உலோகச் சிற்பம் அல்லது கண்ணாடிச் சிற்பம் முகப்புச் சிற்பம் எனப்படும். தொடக்ககாலக் கார்களில் ரேடியேட்டர் முன்பக்கம் வெளியே தெரியும்படி இருந்தது. தண்ணீர் ஊற்றும் அதன் மூடிதான் இச்சிற்பத்தின் பீடம். 1910களில் அமெரிக்காவில் அம்மூடியின் மேல் வெப்பமானி பொருத்தி விற்றார்கள். தண்ணீர் கொதிக்கிறதா என்பதை ஓட்டுநர் இருக்கையிலிருந்தே பார்க்க முடிந்தது. உரிமையாளர்கள் பலர் அதே இடத்தில் தமக்குப் பிடித்த பொம்மைகளை வைத்தனர்.

அவற்றுள் சில தம் வண்டிக்குக் கௌரவக் குறைவு என்று ரோல்ஸ் ராய்ஸ் நிறுவனம் கருதியது. அதன் நிர்வாகி கிளாட் ஜான்சன், சிற்பி சார்லஸ் சைக்ஸிடம் தனிச் சின்னம் ஒன்றைச் செய்யச் சொன்னார். 1911இல் 'ஸ்பிரிட் ஆஃப் எக்ஸ்டசி' உருவானது. காற்றில் ஆடை பறக்க முன்னோக்கிச் சாயும் பெண் உருவம் அது. வேகத்தையும் ஓசையற்ற ஓட்டத்தையும் குறிப்பது. ஹென்றி ராய்ஸுக்கோ அது பிடிக்கவில்லை. சாலையை மறைக்கிறது என்றார்.

இச்சிற்பத்துக்கு மாதிரியாக இருந்தவர் எலினோர் தார்ன்டன் என்று பொதுவாகக் கருதப்படுகிறது. 'தி கார்' இதழின் ஆசிரியரான மாண்டேகு பிரபுவின் செயலாளர் அவர், காதலியும்கூட. பிரபு ஏற்கெனவே மணமானவர். அவருக்காகச் சைக்ஸ் முன்பு வடித்த சிற்பத்தில் அப்பெண் உதட்டில் விரல் வைத்திருப்பார். அதன் பெயரே 'ரகசியப் பேச்சு' எனப் பொருள்படும். முதல் உலகப் போரின்போது மாண்டேகு இந்தியாவில் பணியேற்கப் புறப்பட்டார். தார்ன்டனும் உடன் வந்தார். 1915 டிசம்பர் 30 அன்று கிரீட் தீவுக்கு அருகே 'பெர்சியா' கப்பலை ஜெர்மானிய நீர்மூழ்கி தாக்கியது. 300க்கும் மேற்பட்டோர் இறந்தனர். மாண்டேகு பிழைத்தார், தார்ன்டன் மூழ்கிவிட்டார். உலகம் முழுதும் ஓடும் கார்களின் முகப்பில் நிற்பவர் இந்தியக் கரையைக் காணவேயில்லை.

இந்தியாவில் சின்னம் முகப்போடு நிற்கவில்லை. 1910இல் கல்கத்தாச் செல்வந்தர் ராபர்ட் மேத்யூசன் இங்கிலாந்தில் செய்வித்த காரின் முன்பகுதி முழுவதுமே அன்னம். கண்கள் ஒளிரும், அலகு சுடுநீரைப் பீய்ச்சும். சாலையில் போவோருக்கு அது வேடிக்கையாக மட்டும் இருந்திருக்க முடியாது. பின்னர் நாபா மகாராஜாவிடம் சேர்ந்த அந்த வண்டி, இப்போது நெதர்லாந்தின் லௌமன் அருங்காட்சியகத்தில் உள்ளது.

பிற சின்னங்களுக்கும் கதை உண்டு. மெர்சிடிஸ் விண்மீனின் மூன்று முனைகள் நிலம், நீர், வானைக் குறிக்கும். ஹிஸ்பானோ சூயிசாவின் நாரை, பிரெஞ்சுப் போர் விமானி கினிமேரின் படைப்பிரிவுச் சின்னம். புகாட்டி ராயலின் யானை, நிறுவனரின் மறைந்த தம்பி ரெம்பிராண்ட் வடித்தது.

பாதசாரிமீது வண்டி மோதினால் கூர்மையான சிற்பம் காயத்தைப் பெரிதாக்கும். பாதுகாப்பு விதிகள் இறுகியதும் பல நிறுவனங்கள் அதைக் கைவிட்டு, தட்டையான முத்திரைக்கு மாறின. ஜாகுவாரின் பாயும் சிறுத்தையும் அப்படித்தான் இறங்கியது. இன்றைய ரோல்ஸ் ராய்ஸில் சிலையைத் தொட்டால் அது நொடியில் பானெட்டுக்குள் இறங்கிக்கொள்ளும். திருடர்களுக்கும் அது கிடைக்காது.