ஆடுகளம் தந்ததை அளப்பது எப்படி?

கால்பந்தாட்டத்தில் விழுந்த கோல்களை எண்ணிவிடலாம். ஆனால், ஆடிய சிறுவனிடம் ஒத்துழைக்கும் பண்பு வளர்ந்ததா என்பதை எவ்வாறு அளப்பது?

இதற்கு உளவியலார் வினாப்பட்டியலைக் கையாளுகின்றனர். இளைஞர்களின் அனுபவங்களை அறிய அமெரிக்காவில் ஹான்சனும் லார்சனும் ஒரு பட்டியலை உருவாக்கினர். கனடாவில் மெக்டொனால்டும் உடன் ஆய்வாளர்களும் அதை விளையாட்டுக்கு ஏற்பச் சுருக்கி, 2012இல் வெளியிட்டனர். அதில் 37 கூற்றுகள் உள்ளன. ஒவ்வொன்றுக்கும் 'ஆம், உறுதியாக' என்பது முதல் 'இல்லவே இல்லை' என்பது வரை நான்கு விடைகளுள் ஒன்றைக் குறிக்க வேண்டும். தன்திறன்களும் சமூகத் திறன்களும், சிந்தனைத் திறன், இலக்கு வகுத்தல், முன்முயற்சி, கசப்பான அனுபவங்கள் என அவை ஐந்து பிரிவுகளாகும்.

கசப்பை ஏன் கேட்க வேண்டும்? தோழமை மலரும் அதே களத்தில்தான் ஏச்சும் ஒதுக்கலும் நிகழக்கூடும். நல்லதை மட்டும் கேட்டால், புண்பட்ட சிறுவன் கணக்கில் வரவே மாட்டான்.

இம்முறைக்கும் எல்லை உண்டு. இது சிறுவன் தன்னைப்பற்றித் தானே கூறுவது. மேலும், இயல்பிலேயே முயற்சியுள்ளவர்கள் விளையாட்டை நாடி வந்திருக்கலாம் அல்லவா? ஆகவே, விளையாட்டுதான் அப்பண்பை வளர்த்தது என்று கூறுமுன், பயிற்சிக்கு முன்னும் பின்னும் அதை அளந்து, ஆடாத சிறுவர்களோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும்.