உள்ளங்கை விளையாட்டு கூடத்துக்கு வந்த கதை

குழந்தை ஒரு மூலையில் உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, கையிலிருக்கும் சின்னப் பெட்டியோடு மல்லாடிக்கொண்டிருக்கிறது. திடீரென்று தனக்குத் தானே சிரிக்கிறது. அடுத்த நிமிஷம் "ஐயோ!" என்று தொடையில் தட்டிக்கொள்கிறது. "என்னடா அது?" என்று தாயார் கேட்டால், "ஒன்றுமில்லை, அம்மா" என்று பதில் வருகிறது. சரி, எட்டித்தான் பார்ப்போமே என்று குனிந்தால், குனிந்தவருடைய தலை நிழல் அந்தக் கண்ணாடியை மறைத்துக்கொள்கிறது. ஒன்றும் தெரிவதில்லை.

இன்றைய கைபேசிக் குழந்தைகளைப் பற்றிச் சொல்லுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். ஜப்பானிலும் அமெரிக்காவிலும் 1989-ஆம் வருஷத்திலேயே தொடங்கிவிட்ட சமாசாரம் இது. அந்தப் பெட்டியின் பெயர் கேம் பாய். தயாரித்தது கியோட்டோ நகரத்து நின்டெண்டோ கம்பெனி. 1889-இல் பூப்படம் போட்ட சீட்டுக்கட்டு செய்து விற்பதற்காக ஆரம்பித்த கம்பெனி அது!

ஐந்து வருஷம் கழித்து அதே கம்பெனி இன்னொரு சாமானைக் கடைக்குக் கொண்டுவந்தது. உள்ளங்கைக்குள் நடந்துகொண்டிருந்த விளையாட்டைக் கூடத்து டெலிவிஷன் பெட்டியில் எல்லோரும் பார்க்கும்படி காட்டிய சாமான் அது. அதனால் குடும்பத்துக்கு வந்த லாபம் என்ன, குழந்தைக்கு வந்த நஷ்டம் என்ன என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்தச் சின்னப் பெட்டியைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். அதை உருவாக்கிய குழுவின் தலைவர் குன்பெய் யோகோய். 1965-இல் அவர் நின்டெண்டோவில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த உத்தியோகம், சீட்டு அச்சடிக்கும் யந்திரங்களைப் பழுது பார்ப்பது. ஒரு நாள் ரயிலில், பொழுது போகாத ஒரு பிரயாணி கணக்குப் போடும் கால்குலேட்டரின் பொத்தான்களை வெறுமனே தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்து, "இவருக்கு ஒரு விளையாட்டுப் பெட்டி இருந்தால் என்ன?" என்று அவருக்குத் தோன்றியதாகச் சொல்லுவார்கள். 1980-இல் வந்த கேம் அண்டு வாட்ச் என்ற சின்ன விளையாட்டுகளுக்கு அதுதான் வித்து.

யோகோயின் சித்தாந்தம் நம் இல்லத்தரசிகளுக்குச் சட்டென்று விளங்கும். புத்தம் புதிய, விலை உயர்ந்த சரக்கைத் தேடி ஓடாதே; எல்லோருக்கும் பழகிப்போய், விலை மலிந்துவிட்ட சரக்கை எடுத்துப் புது மாதிரியாக உபயோகி என்பார். மீந்த சாதத்தைத் தாளித்துச் சித்திரான்னமாக்கி, விருந்தாளியிடம் "பிரமாதம்!" என்று பேர் வாங்கும் சமர்த்து இருக்கிறதே, அதுதான்.

ஆகையால் கேம் பாயில் வண்ணத் திரை கிடையாது. பாசி படிந்த குளத்து நீரைப் போன்ற ஒரு பச்சை. அதில் நாலே நாலு சாயல்கள். கோலக் கணக்கில் சொன்னால், 160 புள்ளி, 144 வரிசை. திரைக்குப் பின்னால் விளக்கும் கிடையாது. போட்டிக் கம்பெனிக்காரர்கள் சிரித்தார்கள். 1990-இல் ஸேகா கம்பெனி கேம் கியர் என்று வண்ணத் திரையும் விளக்கும் வைத்த பெட்டியைக் கொண்டுவந்தது. அதற்கு ஆறு பாட்டரிகள் வேண்டும். சில மணி நேரத்திலேயே ஆறும் தீர்ந்துவிடும். கேம் பாயோ நாலு பாட்டரியில் பத்து மணிக்கு மேல் ஓடிற்று. பாட்டரிக்குக் காசு கொடுக்கிறவர் யார்? அப்பாவும் அம்மாவும்தானே! பச்சைத் திரை ஜயித்ததில் ஆச்சரியமில்லை.

அதோடு டெட்ரிஸ் என்ற ஆட்டம் வேறு சேர்ந்துகொண்டது. மாஸ்கோவில் அலெக்ஸி பஜித்னோவ் என்பவர் 1984-இல் உண்டாக்கிய ஆட்டம் அது. மேலிருந்து விழும் கட்டைகளைத் திருப்பித் திருப்பி இடைவெளியில்லாமல் அடுக்க வேண்டும். அலமாரியில் பாத்திரம் அடுக்கிப் பழகியவர்களுக்கு அது கைவந்த கலை. பெரியவர்களும் அதில் மயங்கினார்கள். 1993-இல், அமெரிக்க ஜனாதிபதியின் மனைவி ஹிலாரி கிளிண்டன் விமானத்தில் கேம் பாயை வைத்துக்கொண்டு ஆடுகிற புகைப்படம் ஒன்று உண்டு.

எல்லாம் சரி, கண் என்ன ஆகிறது? விளக்கில்லாத திரையாதலால் சாயங்காலமானால் ஜன்னலோரம், இரவானால் மேஜை விளக்கின் அடி என்று குழந்தைகள் வெளிச்சத்தைத் துரத்திக்கொண்டு அலைந்தார்கள். பூதக்கண்ணாடியையும் குட்டி விளக்கையும் சேர்த்துப் பெட்டியின் தலையில் மாட்டும் சாமான்களைக்கூடக் கடைக்காரர்கள் விற்றார்கள். அந்த விளக்குக்கும் பாட்டரி வேண்டும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

இந்த நிலைமையில்தான், 1994-ஆம் வருஷம் ஜூன் மாதம், சூப்பர் கேம் பாய் வந்தது.

அப்போது பல வீடுகளில் நின்டெண்டோவின் டெலிவிஷன் விளையாட்டு யந்திரமும் இருந்தது. அமெரிக்காவில் அதற்கு சூப்பர் நின்டெண்டோ என்று பெயர். ஜப்பானில் சூப்பர் பேமிகாம். பேமிகாம் என்பது வேறொன்றுமில்லை, 'குடும்பக் கம்ப்யூட்டர்' என்பதன் சுருக்கம். சூப்பர் கேம் பாய் என்பது அந்தக் குடும்ப யந்திரத்தின் தலையில் செருகும் ஒரு தடித்த அட்டைப்பெட்டி. அதன் தலையில் ஒரு வாய். கேம் பாயின் சின்ன விளையாட்டு அட்டையை அந்த வாயில் செருக வேண்டும். அவ்வளவுதான், கைக்குள் ஆடிய ஆட்டம் டெலிவிஷனில் வந்து நிற்கும்.

இது எப்படி நடக்கிறது? கையடக்க விளையாட்டைக் குடும்ப யந்திரம் மொழிபெயர்த்துக் காட்டுகிறது என்று பலர் நினைத்தார்கள். அப்படியல்ல. அந்த அட்டைப்பெட்டிக்குள் ஒரு முழுக் கேம் பாயின் மூளையே உட்கார்ந்திருக்கிறது. திரை இல்லை, பாட்டரி இல்லை, பொத்தான் இல்லை, மற்றதெல்லாம் உண்டு. உள்ளே ஆட்டத்தை நடத்துவது அந்த மூளை. அது போடும் படத்தை வாங்கி, வண்ணம் பூசி, டெலிவிஷனுக்கு அனுப்புவது மட்டுந்தான் குடும்ப யந்திரத்தின் வேலை. பாட்டுக்காரர் சொந்தத் தொண்டையில் பாடுகிறார். மைக் மட்டும் சபாவுடையது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

இதில் ஒரு வேடிக்கை. மூளை சொந்தமாக இருந்தாலும் தாளம் போடுவது குடும்ப யந்திரத்தின் கடிகாரம். அந்தக் கடிகாரம் கொஞ்சம் அவசரக்காரக் கடிகாரம். ஆகவே ஜப்பானிலும் அமெரிக்காவிலும் டெலிவிஷனில் ஆடிய ஆட்டம், கையில் ஆடியதைவிட நூற்றுக்கு 2.4 பங்கு வேகமாக ஓடிற்று. சங்கீதமும் ஒரு நூலிழை மேலே ஏறிவிட்டது. ஒரு மணி நேர ஆட்டத்தில் சுமார் ஒன்றரை நிமிஷ வித்தியாசம். சாதாரணமாக ஆடுகிறவர்கள் கவனிக்கவே மாட்டார்கள். "நான்தான் சீக்கிரம் முடித்தேன்" என்று பந்தயம் கட்டுகிறவர்களுக்குத்தான் இது பெரிய தகராறு.

இன்னொரு சங்கடமும் இருந்தது. டெலிவிஷன் படத்துக்குக் குடும்ப யந்திரம் போடுவது 256 புள்ளி, 224 வரிசை. கேம் பாய்க் கோலம் அதில் ஐந்தில் இரண்டு பங்கைத்தான் நிரப்பும். பெரிய வாசலில் சின்னக் கோலம் போட்டால் நாம் என்ன செய்வோம்? சுற்றிக் காவி இடுவோம், கரை கட்டுவோம். அவர்களும் அதையே செய்தார்கள். நடுவில் ஆட்டம், சுற்றிலும் சித்திரக் கரை. கரையை மாற்றிக்கொள்ளலாம், வண்ணங்களை மாற்றிக்கொள்ளலாம், படத்தின் மேலேயே கிறுக்கி விளையாடவும் வழி வைத்தார்கள்.

அந்தச் சாமானோடு கூடவே வந்த டாங்கி காங் ஆட்டத்தில், கரையே பழைய விளையாட்டுக் கூடங்களில் நிற்கும் காசு போட்டு ஆடும் பெட்டி மாதிரி வரையப்பட்டிருந்தது. டாங்கி காங் 1981-இல் பிறந்தது அப்படிப்பட்ட பெட்டியில்தான். உள்ளங்கைக்குப் போன ஆட்டம் மீண்டும் பிறந்த வீட்டு முற்றத்தைப் பார்த்தது போலிருந்தது.

ஆனால் நம் மனத்தைக் கவருவது வேறொன்று. 1996-இல் ஜப்பானில் வெளிவந்த போக்கெமான் ஆட்டத்தைப் பற்றி நீங்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். சிறு வயதில் பூச்சி பிடித்துச் சேர்ப்பதில் பைத்தியமாக இருந்த ஸாதோஷி தாஜிரி என்பவரின் யோசனையில் உதித்தது. அதில் ஒரு சிறுவன் ஊர் ஊராகப் போகிறான். ஊர்களுக்கெல்லாம் வண்ணங்களின் பெயர். அமெரிக்கப் பதிப்பில் விரிடியன் என்றால் பச்சை, செருலியன் என்றால் ஆகாய நீலம், லாவெண்டர் என்றால் வெளிர் ஊதா. கையிலிருக்கும் பெட்டியிலோ எல்லா ஊரும் ஒரே பாசி நிறம்! அதே அட்டையைச் சூப்பர் கேம் பாயில் செருகினால், சிறுவன் செருலியன் ஊருக்குள் காலை வைத்ததும் படம் முழுவதும் நீலம் பூசிக்கொள்ளும். லாவெண்டரில் ஊதா. பெயருக்குள் ஒளிந்திருந்த வண்ணத்தைக் குழந்தை டெலிவிஷனில்தான் முதன் முதலாகக் கண்டது. பக்கத்தில் காய் நறுக்கிக்கொண்டிருக்கும் அம்மாவும் கண்டாள். "இது என்ன ஊர்?" என்று அவள் கேட்கலாம். "ஒன்றுமில்லை, அம்மா" என்று இப்போது சொல்ல முடியாது அல்லவா?

நிற்க. நஷ்டக் கணக்கையும் பார்க்க வேண்டும்.

கேம் பாயின் பக்கவாட்டில் ஒரு துளை உண்டு. இரண்டு குழந்தைகள் தங்கள் பெட்டிகளை ஒரு கம்பியால் இணைத்துக்கொண்டு டெட்ரிஸ் போட்டி போடலாம். போக்கெமான் ஆட்டத்துக்கோ அந்தக் கம்பிதான் உயிர். உன்னிடம் இருக்கும் பிராணி என்னிடம் இல்லை, என்னிடம் இருப்பது உன்னிடம் இல்லை. மாற்றிக்கொண்டால்தான் கணக்கு நிறையும். சூப்பர் கேம் பாயில் அந்தத் துளையே கிடையாது! இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஆடும்படி சில ஆட்டங்களில் தனி ஏற்பாடு இருந்தது உண்மைதான். ஆனால் எதிர் வீட்டுப் பிள்ளை தன் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தால், அவனோடு சேர வழியில்லை. குடும்பத்தார் நடுவில் குழந்தையைக் கொண்டுவந்து உட்கார்த்திய சாமான், அதன் சிநேகிதர்களிடமிருந்து அதைப் பிரித்தும்விட்டது.

1998 ஜனவரியில் வந்த சூப்பர் கேம் பாய் 2 இந்தக் குறையைத் தீர்த்தது. துளை வைத்தார்கள், கடிகாரத்தையும் சரி செய்தார்கள். ஆனால் அதை ஜப்பானில் மட்டுமே விற்றார்கள். அமெரிக்கக் குழந்தைகள் என்ன பாவம் செய்தார்களோ, தெரியவில்லை.

பிறகு 2001-இல் கேம் பாய் அட்வான்ஸ் வந்தது. வண்ணம் வந்துவிட்டது, திரைக்கு விளக்கு மட்டும் அப்போதும் வரவில்லை! இதற்கு ஒரு டெலிவிஷன் துணை 2003-இல் வந்தது. கேம் பாய் பிளேயர் என்று பெயர். கேம்கியூப் என்ற கனசதுர யந்திரத்தின் அடியில் பலகை மாதிரி இதைத் திருகிக்கொள்ள வேண்டும். கூடவே வரும் தட்டையும் போட வேண்டும். தட்டுத் தொலைந்தால் பலகையைக் கதவுக்கு முட்டுக் கொடுக்கத்தான் வைத்துக்கொள்ளலாம். பழைய சாமான் வாங்குகிறவர்கள் முதலில் தட்டு இருக்கிறதா என்று கேட்பது இதனால்தான்.

இந்தப் பலகையிலும் முழுப் பெட்டியின் மூளையே இருந்தது. கம்பித் துளையும் இருந்தது. ஆனால் டெலிவிஷனில் பார்த்தபோது பல ஆட்டங்களின் வண்ணம் வெளிறிக் கிடந்தது. காரணம், இருட்டுத் திரையில் தெரிய வேண்டுமே என்று ஓவியர்கள் வண்ணங்களை வேண்டுமென்றே தூக்கலாகப் பூசியிருந்தார்கள். மேடையில் தூரத்திலிருந்து அழகாகத் தெரியும் நாடக நடிகரைப் பக்கத்தில் போய்ப் பார்த்தால், அரிதாரம் அப்பியிருப்பது தெரியுமே, அந்தக் கதை.

கிர்பி என்ற உருண்டைப் பயலை உருட்டும் ஆட்டம் ஒன்று 2000-இல் வந்திருந்தது. அந்த அட்டைக்குள் சாய்வை அறியும் கருவி உண்டு. கையிலிருக்கும் பெட்டியைச் சாய்த்தால் கிர்பி உருளும். இதைப் பலகையில் செருகி ஆட வேண்டுமானால்? கேம்கியூப் யந்திரத்தையே கம்பிகளோடு தூக்கிக்கொண்டு இப்படியும் அப்படியும் ஆட்ட வேண்டியதுதான். வீட்டார் பார்க்கத் தகுந்த காட்சி டெலிவிஷனில் இல்லை, அதன் முன்னால்!

2017-இல் வந்த ஸ்விட்ச் யந்திரத்தோடு இந்தத் துணைச் சாமான்களின் தேவை ஒருவாறு முடிந்தது. கையில் வைத்து ஆடலாம். டெலிவிஷன் அருகேயுள்ள தொட்டிலில் வைத்தால் பெரிய திரையில் ஆடலாம். ஒரே பெட்டி, இரண்டு வேஷம்.

வெளிநாட்டிலிருக்கும் உங்கள் பிள்ளை அல்லது மாப்பிள்ளை வீட்டுப் பரணில் இந்தப் பழைய சாமான்கள் கிடந்தால் இரண்டு விஷயம் சொல்லிவையுங்கள். ஒன்று, இக்காலத் தட்டை டெலிவிஷன்கள் பழைய யந்திரத்தின் படத்தை வாங்கிச் சீர்செய்து காட்டுவதற்குள் ஒரு கண்ணிமைப்பு தாமதமாகிறது. கட்டையைத் திருப்பினால், திரும்புமுன் விழுந்துவிடும். விளையாட்டுக்கென்று தனி முறை டெலிவிஷனில் இருந்தால் அதைப் போட்டுக்கொள்ள வேண்டும். மஞ்சள், வெள்ளை, சிவப்புத் துளைகளே சில புதுப் பெட்டிகளில் இருப்பதில்லை. பழைய கனத்த டெலிவிஷன் அகப்பட்டால் அதுவே உத்தமம்.

மற்றொன்று, போக்கெமான் போன்ற அட்டைகளுக்குள் பொத்தான் அளவில் ஒரு பாட்டரி பற்றவைக்கப்பட்டிருக்கிறது. ஆடியவர் எவ்வளவு தூரம் போனார், எவற்றைச் சேர்த்தார், தமக்கு என்ன பெயர் வைத்துக்கொண்டார் என்பதையெல்லாம் ஞாபகம் வைத்திருப்பது அதன் தயவில். ஆட்டம் அழியாது, அது வேறு சில்லில் இருக்கிறது. பாட்டரி வற்றினால் ஞாபகம் மட்டும் போய்விடும். இத்தனை வருஷத்தில் பல வற்றிவிட்டன. தெரிந்தவரிடம் கொடுத்துப் புதிது வைத்துக்கொள்ளலாம். பழையதைக் கழற்றினால் மிச்சமிருக்கும் ஞாபகமும் போய்விடும் என்பதால், கழற்றுமுன் ஒரு தடவை டெலிவிஷனில் போட்டுப் பார்த்துவிடுவது நல்லது. ஞாபகம் இருந்தால் பழைய பெயர் வந்து நிற்கும். இல்லாவிட்டால், புரொபஸர் ஓக் என்ற கிழவர் தோன்றி, உன் பெயர் என்ன என்று முதலிலிருந்து கேட்பார்.